உதகைக் குளிரில் சோப்புக் குமிழ்: கடைப் புட்டியும் வீட்டுக் கரைசலும்

உதகமண்டலத்தில் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் விற்கும் குமிழ்ப் புட்டியை வாங்கிக் கொடுப்பதா, பாத்திரம் கழுவும் திரவத்தையும் கிளிசரினையும் கொத்தவரை விதைப் பசைப்பொடியையும் கொண்டு வீட்டிலேயே கரைசல் செய்துகொள்வதா என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பதில், மலையில் இருக்கும்வரை வீட்டில் செய்வதே மேல் என்பதுதான். காசு மிச்சமாவது இதற்கு முதற்காரணம் அன்று. கடைப் புட்டியிலிருந்து வரும் குமிழும் வீட்டுக் கரைசலிலிருந்து வரும் குமிழும் ஒரே பெயரால் அழைக்கத் தகாத அளவுக்கு அளவிலும் ஆயுளிலும் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டை இந்த ஊரின் ஈரக்காற்று இன்னும் பெரிதாக்குகிறது. ஃபெர்ன்ஹில் பக்கம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், கோடை விடுமுறைக்குத் திருப்பூரிலிருந்து வரும் அக்காள் பிள்ளைகளுக்கும் இரண்டையும் கொடுத்துப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கடைப் புட்டியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் மூடியோடு ஒட்டியிருக்கும் சிறு வளையம், உள்ளே கொஞ்சம் சோப்பு நீர், இவ்வளவுதான் பொருள். மூன்று வயதுக் குழந்தைகூட யாருடைய துணையுமின்றி வளையத்தைத் தோய்த்து ஊதிவிடும். மலை ரயிலுக்காக நிலையத்தில் காத்திருக்கும்போதும், உணவகத்தில் சாப்பாடு வரும்வரை வெளியே நிற்கும்போதும் பிள்ளைகளை அமைதியாக வைத்திருக்க இது போதும். ஆனால் அதன் வளையம் சிறியது. குமிழ்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் வளர்வதில்லை. உள்ளிருக்கும் திரவம் நீர்த்துப்போனதாக இருப்பதால், குழந்தை கையை நீட்டி எட்டிப் பிடிப்பதற்குள் குமிழ் உடைந்துவிடுகிறது. ஒரு முறை கை தவறிப் புட்டி சாய்ந்தால் விளையாட்டு அத்துடன் முடிந்தது. மிஞ்சுவது குழாய் மட்டும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கே தடை விதித்திருக்கும் மாவட்டத்தில், அந்தக் காலிக் குழாய்கள் புல்வெளி ஓரத்திலும் ஓடைக்கரையிலும் கிடப்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

பேட்டரியில் ஓடும் குமிழ்த் துப்பாக்கியையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறந்தநாள் விழாவில் முதல் ஐந்து நிமிடத்துக்கு அதற்கு இணையான பொருள் இல்லை. விசையை அழுத்தியவுடன் உள்ளிருக்கும் சிறு விசிறி நூற்றுக்கணக்கான குமிழ்களை வாரி இறைக்க, பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள். அதற்குப் பிறகு திரவம் தீர்ந்துபோகிறது. துப்பாக்கியைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு விசையை அழுத்துவதைத் தவிர வேறு வேலை இல்லாததால் அதுவும் சீக்கிரம் சலித்துவிடுகிறது. குமிழ் விடுவதில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இன்பத்தில் பாதி, மூச்சை எவ்வளவு மெதுவாக விட வேண்டும், கையை எந்த வேகத்தில் இழுக்க வேண்டும் என்று தாமே கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. அந்தப் பாதியை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது.

வீட்டுக் கரைசல் ஏன் சிறப்பாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் குமிழின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். சோப்பு சேர்ப்பதால் தண்ணீர் வலுவடைகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். நடப்பது நேர்மாறானது. தூய நீரின் பரப்பு இழுவிசை மிக அதிகம். அந்த இழுப்பினால்தான் நீர்ப்படலம் விரிந்து நிற்க முடியாமல் உடனே சுருங்கித் துளியாகிவிடுகிறது. சோப்பு அந்த இழுவிசையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, படலம் விரிய இடம் கொடுக்கிறது. அத்துடன், படலத்தில் ஓர் இடம் அளவுக்கு மீறி நீட்சியடையும்போது அங்கே சோப்பு மூலக்கூறுகளின் நெருக்கம் குறைந்து, இழுவிசை அந்த இடத்தில் மட்டும் கூடி, சுற்றியுள்ள திரவம் அங்கே பாய்ந்து மெலிந்த இடத்தை நிரப்புகிறது. இத்தாலிய இயற்பியலாளர் மாரங்கோனியின் பெயரால் வழங்கும் இந்த விளைவுதான் குமிழுக்குத் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றலைத் தருகிறது. ஆனால் சோப்பும் தண்ணீரும் மட்டும் இருந்தால் இரண்டு பகைகளை வெல்ல முடியாது. படலத்திலுள்ள நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும்; புவியீர்ப்பினால் கீழ்நோக்கி வடிந்துகொண்டும் இருக்கும். கிளிசரின் முதல் பகையை எதிர்க்கிறது. கொத்தவரைப் பசை இரண்டாவதை எதிர்ப்பதோடு, படலம் நீளும்போது அறுந்துவிடாமலும் காக்கிறது.

கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. இதைக் குமிழில் சேர்ப்பது புதிய வழக்கமும் அன்று. 19ஆம் நூற்றாண்டில் சோப்புப் படலங்களை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் ழோசப் பிளாட்டோ, நீண்ட நேரம் நிற்கும் படலங்களுக்காகக் கிளிசரின் கலந்த கரைசலையே பயன்படுத்தினார். பார்வையை இழந்த பிறகும் பிறர் கண்களின் துணையோடு அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. கொத்தவரைப் பசையின் வேலை வேறு விதமானது. நாம் பொரியல் செய்யும் கொத்தவரங்காயின் முற்றிய விதையிலிருந்து எடுக்கும் இந்தப் பொடியைக் கடையில் ‘குவார் கம்’ என்று கேட்க வேண்டும்; உலகிலேயே இதை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியாதான், அதிலும் ராஜஸ்தான் முதலிடத்தில் இருக்கிறது. நீரில் கரைந்ததும் இதன் பாலிமர்கள், அதாவது சங்கிலிபோல் நீண்ட மூலக்கூறுகள், ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், படலம் இழுபடும்போது அறுபடாமல் நீள்கிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு நீளமுள்ள பாலிமர் சங்கிலிகள் கலந்திருக்கும் கரைசல்தான் மிகப் பெரிய குமிழ்களைத் தாங்குகிறது என்று காட்டினார்கள்.

நான் பயன்படுத்தும் அளவு இது. ஒரு லிட்டர் தண்ணீர், 50 முதல் 80 மில்லி லிட்டர் பாத்திரம் கழுவும் திரவம், தலைதட்டிய ஒரு தேக்கரண்டி குவார் கம் (ஏறத்தாழ 2 முதல் 3 கிராம்), இரண்டு மேசைக்கரண்டி கிளிசரின், அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். திரவத்தின் அளவில் இடைவெளி விட்டிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு நிறுவனத்தின் திரவமும் அடர்த்தியில் வேறுபடுவதுதான். குறைந்த அளவில் தொடங்கி, படலம் எளிதில் அறுந்தால் மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். சோப்பைக் கூட்டினால் குமிழ் பெரிதாகும் என்பது பலருடைய நம்பிக்கை. அளவுக்கு மேல் போனால் கனம்தான் கூடுகிறது.

இந்தக் கரைசலின் வெற்றியும் தோல்வியும் பொடியைக் கரைக்கும் விதத்தில் அடங்கியிருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். குவார் கம்மை நேராகத் தண்ணீரில் கொட்டினால் ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறமும் உடனே பசையாகி, உள்ளிருக்கும் பொடி நனையாமலே நின்றுவிடும். அதன் பிறகு எவ்வளவு கலக்கினாலும் அந்தக் கட்டிகள் கரைவதில்லை. ஆகையால், ஈரமில்லாத ஒரு கிண்ணத்தில் பொடியைப் போட்டு, அதன்மேல் கிளிசரினை ஊற்றி, ஒரு துகளும் ஒட்டாமல் பிரியும்வரை குழைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கை பொறுக்கும் சூட்டிலுள்ள தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து, ஒருவர் ஓயாமல் கலக்கிக்கொண்டிருக்க மற்றொருவர் இந்தக் குழம்பை மெல்லிய தாரையாக ஊற்றினால், சில நிமிடங்களில் தண்ணீர் வழவழப்பாவதைக் கரண்டியே உணர்த்தும். பேக்கிங் பவுடரை அதன் பிறகே சேர்க்க வேண்டும். அது கரைசலின் காரத்தன்மையைச் சீராக்குகிறது. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கடைசியாக ஊற்றி, நுரை எழும்பாதபடி மிக மெதுவாகக் கிளறிவிட்டு, மூடி வைத்து ஓர் இரவு அப்படியே விட்டுவிட வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க நினைக்கிறவர்கள் உண்டு. பசை முழுமையாக ஊறுவதற்கும் கலக்கும்போது எழுந்த நுரை அடங்குவதற்கும் அந்த நேரம் தேவைப்படுகிறது. மறுநாள் காலையிலும் மேலே நுரை மிதந்தால் கரண்டியால் வழித்து எடுத்துவிட வேண்டும், ஏனெனில் வளையத்தில் ஒட்டும் சிறு நுரைக்குமிழ் ஒவ்வொன்றும் பெரிய படலத்தை உடைக்கும் இடமாகிவிடுகிறது.

திரவத்தைப் பொறுத்தவரை, விம், பிரில் ஆகிய இரண்டும் உதகைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் எனக்குத் திருப்தியான குமிழ் வந்தது. கைகழுவும் திரவமும் தலைக்குப் போடும் ஷாம்புவும் நுரைக்கின்றன, ஆனால் அவற்றில் தோலுக்கும் முடிக்கும் மென்மை தருவதற்காகச் சேர்த்திருக்கும் எண்ணெய்ச் சத்துகள் படலத்தைக் கெடுக்கின்றன. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இயற்கையானவை என்பதால் அவற்றைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவற்றிலுள்ள சபோனின் நுரைக்கத்தான் செய்கிறது. ஆனால் கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்பது சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அறிந்த எல்லாருக்கும் தெரியும், பிள்ளைகளின் முகத்தருகே அது வேண்டாம். சமவெளியில் வளர்ந்தவர்கள் காட்டாமணக்குக் காம்பை ஒடித்து, அந்த வளைவில் நின்ற பாலை ஊதிக் குமிழ் விட்டிருப்பார்கள். அது நச்சுச் செடி. இன்றைய பிள்ளைகளுக்கு அதை நான் சொல்லிக் கொடுப்பதில்லை.

மலைத் தண்ணீர் இந்த வேலைக்கு ஏற்றது. ஊரின் குடிநீர் பெரும்பாலும் பார்சன்ஸ் வேலி போன்ற மழைநீர் தேங்கும் நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதால், சமவெளியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் அளவுக்கு, சோப்பின் வேலையைக் கெடுக்கும் சுண்ணாம்பும் மெக்னீசியமும் இதில் இருப்பதில்லை. திருப்பூரில் இதே கரைசலைச் செய்ய விரும்பிய என் அக்காவிடம், குடிக்க வாங்கும் சுத்திகரித்த தண்ணீரில் செய்யச் சொன்னேன்.

ஊதுகருவிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆளுயரத்தில் பாதி நீளமுள்ள இரண்டு மூங்கில் குச்சிகளை எடுத்து, அவற்றின் நுனிகளை இணைத்து ஒரு குட்டையான பருத்திக் கயிறும், அதன் கீழே தொங்கும்படி அதைப்போல் இரண்டு மடங்கு நீளமுள்ள மற்றொரு கயிறும் கட்டி, கீழ்க்கயிற்றின் நடுவில் ஓர் இரும்பு வாஷரைக் கோத்துவிட்டால் முக்கோண வடிவில் பெரிய வளையம் தயாராகிவிடும். கயிறு பருத்தியாக இருப்பது கட்டாயம். நைலான் திரவத்தை உறிஞ்சாது, படலத்துக்குத் தொடர்ந்து ஊட்டம் கொடுக்கவும் முடியாது. நான் பருத்தி விளக்குத் திரியை முறுக்கிப் பயன்படுத்துகிறேன், கடையில் விற்கும் எந்தக் கயிற்றையும்விட அது அதிகமாகக் குடிக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு ஓர் உலோக வளையலின் மேல் நூலைச் சுற்றி ஒரு குச்சியில் கட்டிக் கொடுத்தால் உள்ளங்கை அளவுள்ள குமிழ்கள் தாராளமாக வருகின்றன. குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துக் கரைசலில் அமுக்கி எடுத்து, மெதுவாகப் பிரித்து, காற்றுக்கு முதுகு காட்டி இரண்டடி பின்னால் நடந்து, படலம் போதிய அளவு பெருத்ததும் குச்சிகளை மீண்டும் சேர்த்து மூடிவிட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்; பெரியவர்களுக்குத்தான் அவசரம் விடுவதில்லை.

இனி இந்த ஊரின் வானிலை. வீட்டுக் கரைசலுக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பெரும்பங்கு அதற்கே உரியது. குமிழின் ஆயுளைத் தீர்மானிப்பதில் காற்றின் ஈரப்பதம் முதன்மையானது. வறண்ட காற்றில் எவ்வளவு கிளிசரின் சேர்த்தாலும் படலம் காய்ந்து வெடிக்கும், பனிமூட்டத்திலோ படலத்திலிருந்து நீர் ஆவியாகிப் போகவே இடமிருக்காது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவக்காற்றும் கொண்டுவரும் மூடுபனியில், மழை விட்ட இடைவெளியில் வெளியே வந்து ஒரு பெரிய குமிழை விட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தக் குமிழ் அவசரப்படுவதில்லை. ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் உப்பி, வேலியைத் தாண்டி, தேயிலைச் செடிகளின் மேல் மிதந்து, பிள்ளைகள் ஓடிக் களைக்கும்வரை போய்க்கொண்டே இருக்கிறது. “சித்தி, உடைய மாட்டேங்குது!” என்று அக்காள் மகன் ஓடி வந்து சொன்னபோது அவன் குரலில் இருந்த நம்ப முடியாமை, எந்தக் கடைப் பொருளாலும் அவனுக்கு வந்ததில்லை.

எல்லா நாளும் அப்படி அமைவதில்லை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் புல் பழுத்துக் கிடக்கும் வறண்ட நாட்களில், நண்பகல் வெயிலில் இதே கரைசல் பாதிப் பயனைத்தான் தருகிறது. அப்போது விடியற்காலையையும், வெயில் தாழ்ந்த மாலையையும் மட்டுமே நம்ப வேண்டும், தரையை முன்கூட்டியே நீர் தெளித்து நனைத்து வைப்பதும் சற்று உதவும். காற்று இன்னொரு தடை. தொட்டபெட்டா உச்சியிலும் ஏரியின் திறந்த கரையிலும் வீசும் காற்றில் பெரிய வளையம் வேலை செய்வதில்லை, படலம் விரியும் முன்பே கிழிந்துவிடுகிறது. வீடுகளுக்கு இடையே உள்ள முற்றமும், யூகலிப்டஸ் மரங்கள் மறைத்து நிற்கும் சரிவும் ஏற்ற இடங்கள். இலை மட்டும் அசையும் அளவு காற்று போதும்.

குளிர்கால விடியலில் வாயால் ஊதும் குமிழ் ஒன்று கவனிக்கத் தக்க வகையில் நடந்துகொள்கிறது. நம் மூச்சு வெதுவெதுப்பானது. வெளிக்காற்று பத்து டிகிரியிலோ அதற்கும் கீழேயோ இருக்கும்போது, உள்ளே வெப்பக் காற்றை அடைத்துக்கொண்ட பெரிய குமிழ் சிறிது நேரம் மேலெழும்புகிறது, உள்ளிருக்கும் காற்று குளிர்ந்ததும் இறங்கத் தொடங்குகிறது. சமவெளியின் கோடைப் பகலில் இதைப் பார்க்க முடியாது. ஜனவரியில் புல்லின்மேல் உறைபனி படியும் காலைகளில் குமிழும் உறைந்து பனிப்பந்தாகுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள், காணொளிகளில் பார்த்திருப்பார்கள். அதற்குப் பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிர வேண்டும். நம் ஊர்க் குளிர் அதற்குப் போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மலைப் பிள்ளைகளுக்கு மற்றொரு வசதியும் இருக்கிறது. அவர்களிடம் கம்பளிக் கையுறை எப்போதும் உண்டு. வெறுங்கையில் பட்டதும் உடையும் குமிழ், உலர்ந்த கம்பளியின் மேல் பந்தாகத் துள்ளுகிறது. கம்பளியின் நுண்ணிழைகள் படலத்தைத் தாங்கி நிறுத்துவதால் அது கையுறையின் மேல் பரவலாக ஒட்டிக்கொள்வதில்லை. இதற்குக் கையளவுக் குமிழ்களே ஏற்றவை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தட்டிவிட்டு எவ்வளவு நேரம் காப்பாற்ற முடிகிறது என்று பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. கையுறை நனைந்துவிட்டால் துள்ளல் போய்விடும் என்பதால், கரைசலைத் தொடுகிறவரும் குமிழைப் பிடிக்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கு குமிழுக்கு ஆகாது. வர்க்கி தின்ற கையோடு வளையத்தைத் தொட்டாலும், சளிக்காக மூக்கிலும் நெற்றியிலும் நீலகிரித் தைலம் தடவிய பிள்ளை கரைசலில் விரலை விட்டாலும், படலத்தின்மேல் பரவும் எண்ணெய் அதை அந்த இடத்திலேயே அறுத்துவிடுகிறது. ஆகையால் தின்பண்டத்தை விளையாட்டுக்குப் பிறகு கொடுப்பதே முறை. கரைசல் வைக்கும் பாத்திரத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவி எடுக்க வேண்டும்.

பெரிய பிள்ளைகளுக்கு இந்தக் கரைசல் விளையாட்டோடு நிற்பதில்லை. ஒரு தட்டில் கரைசலை ஊற்றி, உறிஞ்சுகுழலால் அரைக்கோளமாக ஒரு குமிழை ஊதி, காற்றுப் படாத ஜன்னலருகே வைத்துப் பார்த்தால் அதன் மேற்புறத்தில் நிறங்கள் வரிவரியாகக் கீழிறங்குவதைக் காணலாம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தப் படலத்தின் வெளிப்பக்கத்திலும் உட்பக்கத்திலும் எதிரொளிக்கும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் நிறம் பிறக்கிறது. படலம் மெலிய மெலிய நிறம் மாறி, மிக மெலிந்த இடம் கடைசியில் நிறமே இல்லாமல் கருமையாகத் தெரிகிறது. அந்தக் கரும்புள்ளி தோன்றிவிட்டால் குமிழ் உடையப் போகிறது என்று பத்து வயதுப் பிள்ளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கம்பியை வளைத்து ஒரு கனசதுரச் சட்டம் செய்து கரைசலில் முக்கி எடுத்தால், படலங்கள் எப்போதும் மூன்று மூன்றாக, சமகோணம் வைத்துச் சந்திப்பதைக் கண்கூடாகக் காணலாம். பிளாட்டோ கண்டு சொன்ன விதிகளில் அதுவும் ஒன்று. கடைப் புட்டித் திரவத்தில் இவற்றைச் செய்து பார்க்கும் முன்பே படலம் போய்விடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கரைசலை உடனே செய்து உடனே பயன்படுத்த முடியாது. குவார் கம் எல்லா மளிகைக் கடையிலும் இருப்பதில்லை. கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும், அல்லது இணையத்தில் வாங்க வேண்டும். கிளிசரின் மருந்துக் கடையில் கிடைக்கும். முதல் முறை எல்லாவற்றையும் வாங்கும்போது சில நூறு ரூபாய் செலவாகும் என்றாலும், ஒரு சிறிய பொட்டலம் பொடியிலிருந்து பல லிட்டர் கரைசல் செய்யலாம் என்பதால் பிறகு செலவு மிகக் குறைவு. பசை சேர்ந்த இந்தத் திரவம் குமிழ்த் துப்பாக்கிக்கு ஒத்துவராது. அதற்குப் பொடி சேர்க்காமல், ஆறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவமும் சிறிது கிளிசரினும் கலந்து ஊற்ற வேண்டும். கொத்தவரைப் பசை உணவுப் பொருள் என்பதால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கிவிடும்; உதகைக் குளிரில் ஒரு வாரம் வரை தாங்கும், அதன் பிறகு வாடை மாறி, வழவழப்பு குறைந்துவிடும். தேவையான அளவு மட்டும் செய்துகொள்வதே சரி.

பாதுகாப்பில் தளர்ச்சி கூடாது. சிமெண்டுத் தரையிலும் ஓட்டுத் தரையிலும் இந்தக் கரைசல் சிந்தினால் கால் வழுக்கும். பனியில் ஏற்கெனவே ஈரமான தரையில் ஆபத்து இரட்டிப்பாகும், ஆகவே புல்லின்மேல் விளையாடுவதே நல்லது. சிறு குழந்தைகளுக்கு உறிஞ்சுகுழல் கொடுத்தால் உள்ளிழுத்துவிடுவார்கள், வளையம் மட்டும் போதும். கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரால் உடனே கழுவிவிட வேண்டும். மிஞ்சிய கரைசலை ஓடையிலோ சதுப்பிலோ கொட்டக் கூடாது என்பதை நான் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். பாத்திரம் கழுவும் திரவம் குறைந்த அளவிலும் மீன்களுக்கும் தவளைகளுக்கும் தீங்கு செய்யும். உலகில் வேறெங்கும் இல்லாத தவளை இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த ஓடைகளை நம்பி வாழ்கின்றன. வீட்டுச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடுவதே முறை.

இரண்டு நாள் பயணமாக மலையேறி வருகிறவர்கள் கரைசலைச் சுமந்து வர வேண்டிய தேவையில்லை. அளந்த குவார் கம்மையும் பேக்கிங் பவுடரையும் ஈரம் படாத தனித்தனிச் சிறு டப்பாக்களிலும், கிளிசரினை அதன் புட்டியிலும், திரியையும் வாஷரையும் ஒரு துணிப்பையிலும் எடுத்து வந்தால், குச்சிகள் எங்கும் கிடைக்கும், பாத்திரம் கழுவும் திரவத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தங்கும் விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் கலந்து வைத்துவிட்டுப் படுத்தால், மறுநாள் காலைப் பனி விலகுவதற்குள் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகலாம். அதற்கும் நேரமில்லாமல் ஒரே பகலில் திரும்பிவிடுகிறவர்களுக்குக் கடைப் புட்டியே போதும்; ஆனால் காலிக் குழாயைத் தங்களோடு கீழே எடுத்துச் செல்லட்டும்.